ஒரு ஷில்லிங் தரிசனம்

ஓவியர்கள் கலை வணிகர்களுக்கு எழுதிய கடிதங்களை அழகியல் தேடிப் புரட்டும் நமக்குப் பெரும்பாலும் கிடைப்பவை கணக்குகளே. இலக்கியம் படித்த நாம் அவற்றைச் சற்று முகஞ்சுளித்துக் கடந்துவிடுகிறோம். விக்டோரியா காலத்து ஓவியர் வில்லியம் ஹோல்மன் ஹன்ட்டை அப்படிக் கடந்தோமானால், வரலாற்றின் ஒரு திருப்பத்தையே தவறவிட்டவர்களாவோம்.

பன்னிரண்டு வயது இயேசுவை ஆலயத்தில் பெற்றோர் கண்டடையும் காட்சியை ஹன்ட் 1854-இல் எருசலேமில் வரையத் தொடங்கினார். பணமுடையால் இடையிடையே நின்று, 1860-இல் லண்டனில்தான் அது நிறைவுற்றது. அதை எங்கே காட்டுவது?

ராயல் அகாதெமியின் ஆண்டுக் கண்காட்சியே அன்றைய வழக்கமான பாதை. அங்கே பார்வையாளர் தரும் ஒரு ஷில்லிங் அகாதெமிக்குரியது; படத்தை எந்த உயரத்தில் மாட்டுவதென்பதும் அவர்கள் சித்தம். 1856-இல் அகாதெமியின் இணை உறுப்பினர் தேர்தலில் தோற்றிருந்த ஹன்ட், இப்படத்தை அங்கே அனுப்பவில்லை. பெல்ஜியத்திலிருந்து வந்து லண்டனில் தொழில் நடத்திய எர்னஸ்ட் கம்பார்ட்டிடம் விலை பேசினார். ஹன்ட்டின் 'போக்காடு' ஓவியத்தைக் கண்டு, இது யாருக்குப் புரியும் என்று திகைத்து நின்றவர் அதே கம்பார்ட்தான்.

ஹன்ட் கேட்ட விலை 5,500 கினி. அதாவது 5,775 பவுன். இவ்விலை குறித்து சார்ல்ஸ் டிக்கன்ஸிடம் யோசனை கேட்டதை, 1905-இல் வெளியிட்ட தம் நினைவு நூலில் அவரே பதிவுசெய்கிறார். நாவலை மாதப் பகுதிகளாக விற்றுப் பழகிய டிக்கன்ஸுக்கு, வாசலில் சேரும் ஷில்லிங்குகளின் கணக்கு தெரியாததல்ல.

கம்பார்ட் வாங்கியது கித்தானை மட்டுமன்று. அதைக் காட்சிக்கு வைக்கும் உரிமையையும், செதுக்கு அச்சாக்கி விற்கும் உரிமையையும் சேர்த்தே வாங்கினார். ஓவியத்துக்கெனச் சட்டபூர்வமான பதிப்புரிமை இங்கிலாந்தில் 1862-இல்தான் வந்தது. அதற்கு முன் ஓவியனுக்குக் காவலாக இருந்தவை அவனுடைய ஒப்பந்தமும் கடிதங்களுமே. ஆகவேதான் அவற்றில் தொகையும் தவணையும் அவ்வளவு இடம்பிடிக்கின்றன.

1860-இல் பாண்ட் தெருவின் ஜெர்மன் காலரியில் இந்த ஒற்றைப் படம் காட்சிக்கு வந்தது. ஒரு ஷில்லிங் கொடுத்து மக்கள் திரண்டனர். பிளான்ஷார் செதுக்கிய அச்சுப்படம் பின்னர் வீடுகளுக்குப் போயிற்று. அந்த வருவாய் வணிகருக்குரியது. ஆனால் அகாதெமியின் சுவரை நம்பாமலும் ஓவியன் வாழலாம் என்பது மெய்ப்பிக்கப்பட்டது.

படம் இன்று பர்மிங்ஹாம் அருங்காட்சியகத்தின் உடைமை. அதன் நுண்மையை வியக்கும்போது, ஆறாண்டு உழைப்புக்குக் கூச்சமின்றி விலை சொன்ன அந்தத் துணிவையும் நாம் சேர்த்தே நினைவுகூர வேண்டும்.