எர்த் எங்கே போனது?

மோட்டார் ஹோம் என்றால் பலருக்கும் சட்டென்று புரியாது. கேரவன் என்றால் புரிந்துவிடும்! படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்க ஒரு பெரிய வண்டி நிற்குமே, அந்த வகைதான். அமெரிக்காவில் இது சினிமாக்காரர்களுக்கான வண்டி மட்டுமல்ல. படுக்கை, அடுப்பு, கழிவறை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு சாதாரணக் குடும்பங்கள் ஊர் ஊராகச் சுற்றும் வீட்டு வண்டி.

இந்த வண்டியில் வெளிவிளக்கு ஒன்று எரியவில்லை என்றால் சொந்தக்காரர் முதலில் செய்வது பல்பை மாற்றுவது. புது பல்பும் எரியாது. கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று நினைத்து இன்னொன்று வாங்குவார். அதுவும் எரியாது. கடைசியில் பார்த்தால் முதல் பல்பே நன்றாகத்தான் இருந்திருக்கும்! பல சமயம் கோளாறு இருப்பது மின்சாரம் வரும் வழியில் இல்லை, அது திரும்பிப் போகும் வழியில். அந்த வழிக்கு நம்மூர் மெக்கானிக்குகள் சொல்லும் பெயர் 'எர்த்'. ரப்பர் டயரில் நிற்கும் வண்டிக்கு எர்த் எப்படி வந்தது, வந்தது ஏன் வீட்டு வண்டியில் மட்டும் அடிக்கடி காணாமல் போகிறது என்பது கொஞ்சம் நீளமான கதை.

முதலில் விளக்குகள் நெருப்பாக இருந்த காலம். 1892ல் தாமஸ் வில்சன் என்பவர் அமெரிக்காவில் கால்சியம் கார்பைடை மலிவாகத் தயாரிக்கும் வழியைத் தற்செயலாகக் கண்டுபிடித்தார். கார்பைடில் தண்ணீர் சொட்டினால் அசிட்டிலின் வாயு வரும், அதைக் கொளுத்தினால் நல்ல வெள்ளை வெளிச்சம். (மாம்பழத்தைச் செயற்கையாகப் பழுக்க வைக்கிறார்கள் என்று செய்தியில் அடிபடும் அதே கார்பைடு கல்தான்.) ஆரம்பகாலக் கார்கள் இதைத்தான் முன்விளக்காக மாட்டிக்கொண்டு ஓடின. பக்கவாட்டிலும் பின்னாலும் மண்ணெண்ணெய் விளக்கு. கையில் கரியும் நாற்றமும் ஒட்டினாலும் இதில் ஒரு வசதி இருந்தது. விளக்கு எரியவில்லை என்றால் காரணம் கண்ணுக்குத் தெரியும். தண்ணீர் தீர்ந்திருக்கும், துவாரம் அடைத்திருக்கும், இல்லையென்றால் காற்று அணைத்திருக்கும்.

மின்சாரம் வந்ததும் அந்த வசதி போயிற்று. 1912ஆம் ஆண்டு மாடல் காடிலாக் காரில் சார்லஸ் கெட்டரிங்கின் மின்சார ஸ்டார்ட்டரும் மின்விளக்கும் சேர்ந்து வந்தது பெரிய திருப்பம். ஆனால் அது பணக்காரர் கார். சாமானியர்களின் காரான ஃபோர்டு மாடல் டி-க்கு 1915ல்தான் மின்சார முன்விளக்கு கிடைத்தது, அதுவும் பேட்டரி இல்லாமல்! எஞ்சினின் சக்கரத்தோடு சுற்றும் மேக்னெட்டோவிலிருந்து நேராக மின்சாரம். எஞ்சின் வேகமாக ஓடினால் விளக்கு பளிச்சென்று எரியும், மெதுவாக ஓடினால் மங்கும், நின்றால் இருட்டு. ஆரம்பத்தில் இரண்டு முன்விளக்குகளையும் தொடராக இணைத்திருந்ததால் ஒன்று ஃபியூஸ் போனால் மற்றதும் அணைந்துவிடும். எது போனது என்று ஓட்டுநர் இருட்டில் தடவிக்கொண்டிருக்க வேண்டியதுதான். 'ஒரு விளக்கு போனால் கோளாறு அந்த விளக்கில் இருக்கவேண்டும் என்பதில்லை' என்ற பாடம் அப்போதே ஆரம்பித்துவிட்டது.

சரி, எர்த் விஷயத்துக்கு வருவோம்.

மின்சாரம் பேட்டரியிலிருந்து கிளம்பி பல்புக்குப் போனால் மட்டும் போதாது, திரும்பி பேட்டரிக்கே வந்து சேரவேண்டும். அப்படியானால் ஒவ்வொரு விளக்குக்கும் இரண்டு கம்பி வேண்டும். 1838ல் ஜெர்மனியில் கார்ல் ஆகஸ்ட் ஸ்டைன்ஹைல் தந்திக்காக ரயில் தண்டவாளத்தையே கம்பியாகப் பயன்படுத்த முடியுமா என்று சோதித்துக்கொண்டிருந்தபோது, திரும்பும் கம்பிக்குப் பதிலாகத் தரையே போதும் என்று கண்டார். தந்திக் கம்பெனிகளுக்குக் கம்பிச் செலவில் பாதி மிச்சம்! பூமி வழியாகத் திரும்பியதால் அதற்கு 'எர்த்' என்று பெயர் வந்தது. கார் தயாரிப்பாளர்கள் இதே தந்திரத்தை எடுத்துக்கொண்டு, பூமிக்குப் பதிலாக வண்டியின் இரும்புச் சட்டத்தைத் திரும்பும் வழியாக்கினார்கள். விளக்குக்கு ஒரே கம்பி, மறுமுனை அதைப் பிடித்திருக்கும் திருகு வழியாகச் சட்டத்துக்கு. லட்சக்கணக்கில் கார் செய்பவனுக்கு ஒரு காரில் சில மீட்டர் செம்புக் கம்பி மிச்சமானாலும் பெரிய தொகைதான். எல்லாம் இரும்பாக இருந்தவரை இந்தக் கணக்கு தப்பவில்லை.

ஆனால் வீடு இரும்பால் கட்டப்படுவதில்லையே!

1910ல் நியூயார்க் மாடிசன் ஸ்கொயர் கார்டனில் பியர்ஸ் ஆரோ கம்பெனி காட்சிக்கு வைத்த டூரிங் லாண்டோவை முதல் மோட்டார் ஹோம்களில் ஒன்றாகச் சொல்வார்கள். பின் இருக்கை மடங்கிப் படுக்கையாகும், கைகழுவும் தொட்டி உண்டு. 1915ல் ரோலண்ட் காங்க்ளின் குடும்பம் ஒரு பேருந்தையே வீடாக மாற்றி நியூயார்க் அருகிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வரை பயணம் போனது. அதில் ஜெனரேட்டரும் மின்விளக்குகளும் இருந்தன. இவையெல்லாம் ஒற்றை வண்டிகள், செல்வந்தர் விளையாட்டு. தொழிற்சாலையில் வரிசையாகச் செய்யும் காலம் 1960களில் வந்தது. ஃபைபர் கிளாஸ் உடம்போடு டிராவ்கோ 1965ல் வந்தது. அயோவா மாநிலத்தின் ஃபாரஸ்ட் சிட்டி என்ற சிற்றூரிலிருந்து வின்னபேகோ 1966ல் மோட்டார் ஹோம்களை இறக்கியது. அதன் சுவரின் நடுவில் ஸ்டைரோஃபோம். 1973 முதல் 1978 வரை வந்த ஜி.எம்.சி. மோட்டார் ஹோமும் ஃபைபர் கிளாஸும் அலுமினியமும் கலந்ததுதான். எடை குறைவு, விலை குறைவு, வெயில் குளிர் தாங்கும். எல்லாம் நல்லதுதான், ஒன்றைத் தவிர. ஃபைபர் கிளாஸில் மின்சாரம் ஓடாது, மரத்திலும் ஸ்டைரோஃபோமிலும் ஓடாது. காரில் இலவசமாகக் கிடைத்த எர்த் இங்கே இல்லை. ஒவ்வொரு விளக்கிலிருந்தும் தனியாக ஒரு கம்பியைச் சுவருக்குள் விட்டு, கீழே இருக்கும் இரும்புச் சட்டத்தில் திருகவேண்டும். சட்டத்தில் மிச்சம் பிடித்த கம்பி இங்கே வட்டியோடு திரும்பி வந்தது.

இதே காலத்தில் விளக்குகளின் எண்ணிக்கையும் கூடியது. 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் நடைமுறைக்கு வந்த 108ஆம் எண் வாகனப் பாதுகாப்புத் தரம், 80 அங்குலமோ அதற்கு மேலோ அகலமுள்ள வண்டிகளுக்கு மேல் விளிம்பின் இரு ஓரத்திலும் விளக்கு, நடுவில் மூன்று அடையாள விளக்கு என்று விதித்தது. முன்னால் மஞ்சள், பின்னால் சிவப்பு. இது அலங்காரம் அல்ல. இருட்டில் எதிரே வருபவருக்கு வண்டியின் அகலத்தையும் உயரத்தையும் காட்டுவது அந்த விளக்குகள்தான். ஓரத்து விளக்கு ஒன்று அணைந்தால் எட்டடி அகல வண்டி எங்கே முடிகிறது என்று எதிரே வருபவருக்குத் தெரியாது. குறுகிய பாலத்தில் அது உயிர் போகிற விஷயம்.

இந்த விளக்குகள் இருப்பதோ கூரை விளிம்பில், மழை நேராக விழும் இடத்தில். ஒட்டுப்பசை காய்ந்து வெடித்ததும் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. அங்கே இரும்புத் திருகு அலுமினியத் தகட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் கதை முடிந்தது. இதைப் பிரிட்டிஷ் கடற்படை இருநூறு ஆண்டுக்கு முன்பே அனுபவித்திருக்கிறது! 1761ல் அலார்ம் என்ற போர்க்கப்பலின் அடிப்பாகத்தைப் புழு அரிக்காமலிருக்கச் செம்புத் தகடால் மூடினார்கள். 1763ல் திரும்ப வந்ததும் பார்த்தால் செம்பு நன்றாக இருக்கிறது, அதைப் பிடித்திருந்த இரும்பு ஆணிகள் கரைந்துபோயிருந்தன. தகட்டைச் சுற்றிவந்த காகிதம் சில இடங்களில் கிழிக்கப்படாமல் இரண்டுக்கும் நடுவே கிடந்தது, அங்கே மட்டும் ஆணி பிழைத்திருந்தது. இரண்டு உலோகமும் உப்புத் தண்ணீரும் சேர்ந்தால் அதுவே ஒரு சின்ன பேட்டரி, அதில் ஒரு உலோகம் தன்னையே தின்றுகொள்ளும். மோட்டார் ஹோமில் தின்னப்படுவது அலுமினியம். திருகைச் சுற்றி வெள்ளைப் பொடி பூக்கும். அந்தப் பொடி மின்சாரத்தைக் கடத்தாது. திருகு இறுக்கமாகத்தான் இருக்கும், எர்த் மட்டும் போயிருக்கும்.

முழுதாகப் போனாலாவது பரவாயில்லை, பாதி போவதுதான் தொல்லை. 12 வோல்ட்டில் 21 வாட் பல்பு ஒன்றின் எர்த் இணைப்பில் வெறும் 1 ஓம் தடை சேர்ந்தால், பல்புக்குக் கிடைப்பது சுமார் பத்தரை வோல்ட். எட்டில் ஒரு பங்குதானே குறைந்தது என்று தோன்றும். ஆனால் இழை பல்பின் வெளிச்சம் வோல்ட்டை விட வேகமாக விழும், மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெளிச்சம் காணாமல் போய்விடும். இரட்டை இழை பல்பில் இன்னும் வேடிக்கை. ஒரே பல்பில் பின்விளக்குக்கு ஒரு இழை, பிரேக்குக்கு ஒரு இழை, இரண்டுக்கும் எர்த் ஒன்றே. அது போய்விட்டால் மின்சாரம் வேறு வழி தேடும். பக்கத்து இழை வழியாகப் பின்னோக்கிப் போய், சம்பந்தமே இல்லாத வேறு விளக்குகளின் எர்த்தில் இறங்கும். பிரேக் போட்டால் கூரை விளக்கு மங்கலாக எரியும்! பேய் பிடித்த வண்டி என்று விற்றுவிட நினைத்தவர்கள் உண்டோ என்னவோ.

அனுபவமுள்ள மெக்கானிக் இதனால்தான் பல்பில் ஆரம்பிப்பதில்லை. எத்தனை விளக்கு போயிருக்கிறது என்று முதலில் சுற்றிப் பார்ப்பார். எல்லாமே போயிருந்தால் ஃபியூஸ் அல்லது சுவிட்ச். ஓரிடத்துக்கு அப்புறம் உள்ளவை மட்டும் போயிருந்தால் அந்த இடத்து ஒட்டு. ஒன்றே ஒன்று போயிருந்தால் பல்பு, ஹோல்டர், எர்த் மூன்றில் ஒன்று. அப்புறம் பேட்டரியின் நெகட்டிவிலிருந்து நீளமான ஒரு தனிக் கம்பியைக் கொண்டுவந்து விளக்கின் எர்த் முனையில் தொடுவார். பளிச்சென்று எரிந்தால் வழக்கு முடிந்தது. வாசல் கதவுக்கு மேலுள்ள விளக்கு மட்டும் தனி வழக்கு. மோட்டார் ஹோமில் எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, வீட்டுக்கு ஒரு பேட்டரி. வாசல் விளக்கு வீட்டுக் கணக்கில் வரும். அதன் ஃபியூஸை எஞ்சின் பக்கம் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது.

இழை பல்பு போய் எல்.இ.டி. வந்ததும் தொல்லை தீர்ந்தது என்று பலர் நம்பினார்கள். 1962ல் நிக் ஹோலோன்யாக் செய்த சிவப்பு எல்.இ.டி. வெறும் அடையாளப் புள்ளி. 1990களில் நீலம் வந்த பிறகே வெள்ளை வெளிச்சம் சாத்தியமாயிற்று. எல்.இ.டி. பல்பு எளிதில் போகாது என்பது உண்மை. ஆனால் அதற்கு நேர், எதிர் பார்த்துத்தான் மாட்டவேண்டும், பலவற்றைத் திருப்பி மாட்டினால் எரியாது. சும்மா கழற்றித் திருப்பி மாட்டினால் எரியும் பல்பைப் பழுது என்று திருப்பி அனுப்புகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். மிகக் குறைந்த மின்சாரமே போதும் என்பதால், பாதி கெட்ட எர்த்திலும் எல்.இ.டி. நன்றாகவே எரிந்து கோளாறை மறைத்துவிடும். உள்ளே வெள்ளைப் பொடி பூத்துக்கொண்டே இருக்கும், அது முழுதாக மூடுகிற வரைக்கும் வெளியே ஒன்றும் தெரியாது.