யாழ்ப்பாணத்துப் பீங்கான் கோப்பைகள்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல் நிலம். சட்டியும் முட்டியும் வனைந்த ஊர்கள் இங்கே உண்டு. பீங்கான் சூளை எரிந்த ஊர் இல்லை. வீட்டு அலுமாரியில் இருக்கும் பீங்கான் எல்லாம் வெளியிலிருந்து வந்தவை. சேகரிப்போர் இன்று தேடும் பழைய ஜப்பானியத் தேநீர்க் கோப்பை இந்த வரவில் மிகப் பிந்தியது.

முந்தியது சீனம். 1977இல் தொல்லியலாளர் ஜோன் கார்ஸ்வெல் அல்லைப்பிட்டியில் அகழ்ந்து சொங் காலச் சீனக் கலங்களை எடுத்தார். 2018இல் ஷாங்காய் அருங்காட்சியகமும் மத்திய கலாசார நிதியமும் சேர்ந்து மீண்டும் தோண்டியபோது 600க்கு மேற்பட்ட துண்டுகள் கிடைத்தன. அவை 11ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியையும் 12இன் முற்பகுதியையும் சேர்ந்தவை. பக்கத்தில் உள்ள ஊர்காவற்றுறை அக்காலத்தில் எவ்வளவு பெரிய துறைமுகம் என்பதற்கு மன்னன் முதலாம் பராக்கிரமபாகுவின் நயினாதீவுத் தமிழ்க் கல்வெட்டு சாட்சி. அதன்படி, யானை, குதிரை ஏற்றிய கப்பல் உடைந்தால் காற்பங்கு அரசுக்கு. வணிகப் பண்டம் ஏற்றிய கப்பலானால் பாதி. பீங்கான் பாதிப் பங்குச் சரக்கு.

ஜப்பானியப் பீங்கான் இந்தியப் பெருங்கடலுக்குள் வந்தது ஒல்லாந்தரால். 1644இல் மிங் அரசு வீழ்ந்து சீனச் சரக்கு தடைப்படவே, நாகசாகியை அடுத்த தெஷிமாத் தீவில் இருந்த கிழக்கிந்தியக் கம்பனி அரீத்தா ஊர்ச் சூளைகளை நாடியது. அடுத்தடுத்த ஆண்டுகளில் நடந்தவை இரண்டு: 1658இல் கம்பனி யாழ்ப்பாணக் கோட்டையைப் போர்த்துக்கேயரிடமிருந்து பிடித்தது, 1659இல் 50,000க்கு மேற்பட்ட அரீத்தாக் கலங்களுக்குக் கட்டளை கொடுத்தது. சீன ஏற்றுமதி மீண்டபின் ஜப்பானியச் சரக்கு விலையில் தோற்றது.

சாதாரண யாழ்ப்பாண வீட்டுக்குள் ஜப்பான் நுழைந்த கதைக்கும் ஒல்லாந்தருக்கும் தொடர்பில்லை. அது மலாயாவின் கதை. 19ஆம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ஆங்கிலம் படித்த யாழ்ப்பாண இளைஞர் மலாயாவின் புகையிரதப் பகுதிக்கும் கணக்குக் கந்தோர்களுக்கும் போனார்கள். 1920களிலும் 30களிலும் சிங்கப்பூர்க் கடைகளில் ஜப்பானியச் சாமான் மலிவு. பென்சன் எடுத்து ஊர் திரும்பியவர் கல்வீடு கட்டினார். கண்ணாடி அலுமாரி வைத்தார். அதற்குள் ரீ செற் ஏறியது. முட்டையோடு போல மெல்லிய கோப்பை, புடைத்த டிராகன் ஓடும் சோசர், வெளிச்சத்தில் பிடித்தால் அடியில் ஒரு பெண்முகம் தெரியும் வகை ஆகியவை ஜப்பான் அக்காலத்தில் உலகச் சந்தைக்கு அனுப்பியவை. ஜப்பானிய இரசனையின் உச்சமென்று இவற்றைச் சொல்ல முடியாது. வெளிநாட்டார் ஜப்பானிடம் எதை எதிர்பார்த்தார்களோ அதைச் செய்து அனுப்பினார்கள். 1942இல் ஜப்பான் மலாயாவைப் பிடிக்க, அங்கிருந்து வந்த காசு நின்றது.

இந்தக் கோப்பைகளில் தேத்தண்ணி குடித்தது யார் என்பதுதான் முக்கியமான கேள்வி. வீட்டார் அன்றாடம் பாவித்தது செம்பும் மூக்குப்பேணியும். வாய் படாமல் அண்ணாந்து ஊற்றிக் குடிக்க வசதியானது பேணி. பீங்கான் வெளியே வருவது துரைக்கும் டாக்குத்தருக்கும் சம்பந்தம் பேச வருவோருக்கும். ஒடுக்கப்பட்ட சாதியாருக்கு முற்றத்தில் சிரட்டை, கடையில் போத்தல். 1957இல் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் வந்த பின்னும் தேநீர்க்கடைக்குள் சமமாக அமர்ந்து குடிக்கப் போராட வேண்டியிருந்தது. 1960களின் இறுதியில் சங்கானை அதற்குக் களமானது. யாழ்ப்பாணத்துப் பழம்பொருள் பற்றி அழகை மட்டும் எழுதுவோர் இதைத் தாண்டிப் போகிறார்கள்.

1970களில் இறக்குமதிக் கட்டுப்பாடு வெளிநாட்டுப் பீங்கானை அரிதாக்கியது. 1972இல் நொரிடாக்கே கம்பனி மாத்தளையில் தொழிற்சாலை நிறுவியபின் ஜப்பானியப் பெயர் உள்ளூர்ச் சரக்கிலும் பதிந்தது. 1995 ஒக்டோபர் இறுதியில் போரினால் வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் வெளியேறியபோது கோப்பையைத் தூக்கிக்கொண்டு நடந்தவர் குறைவு. ஆகவே இன்று முழுச் செற் அகப்படுவது அருமை; தனிக் கோப்பைகளே மிச்சம்.

காலம் அறிய அடிக்குறியைப் பார்க்க வேண்டும். ‘நிப்பொன்’ என்றிருந்தால் பெரும்பாலும் 1891க்கும் 1921க்கும் இடைப்பட்டது. அமெரிக்கச் சுங்கச் சட்டம் நாட்டின் பெயரைக் கேட்டதால் வந்த குறி. அதன்பின் ‘ஜப்பான்’. ‘ஆக்குபைட் ஜப்பான்’ என்றால் இரண்டாம் உலகப் போருக்குப் பின், 1952க்கு முன். குறியே இல்லாதவையும் உண்டு. அவற்றுக்கு வயது சொல்லும் வியாபாரியை நம்புவது வாங்குபவர் துணிவு. பழம்பொருளாகக் கருதத்தக்கதை நாட்டைவிட்டுக் கொண்டுபோக, 1940ஆம் ஆண்டின் தொல்பொருள் கட்டளைச் சட்டப்படி அனுமதி வேண்டும். லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ ஆச்சியின் கோப்பையைப் பொதி கட்டுவோர் முதலில் இதை விசாரிப்பது நல்லது. விளிம்பில் தங்கக்கோடு உள்ளவற்றைச் சாம்பலும் புளியும் போட்டுத் தேய்க்கக் கூடாது. வெறும் தண்ணீரும் மெல்லிய துணியும் போதும்.