ஏரி நாட்டில் எண்ணிம நிலவுரு ஆய்வு: பார்னார்டு முதல் கார்ட்டோசாட் வரை

வாலாஜாபாத்திலிருந்து பாலாற்றைக் கடந்து உத்திரமேரூர் வரை செல்லும் நிலத்தில், பழையசீவரத்துக் குன்று போன்ற சிலவற்றைத் தவிர்த்தால் கண்ணுக்குப் படுவது சமவெளிதான். ஆனால் அந்தச் சமவெளியின் மிக மெல்லிய சரிவை உணர்ந்து, அதன் குறுக்கே கரை போட்டு, ஒரு ஏரியின் மிகுநீர் அடுத்த ஏரிக்குப் போகும்படி அமைத்திருக்கிறார்கள். இந்த நிலத்தை அளக்க இரண்டரை நூற்றாண்டுகளாக நடந்த முயற்சிகளை வரிசையாகப் பார்த்தால், கருவிகள் கூர்மையாகக் கூர்மையாக உயரக் கணக்கு துல்லியமானதும், எந்த ஏரி எதற்கு நீர் தருகிறது என்ற செய்தி படத்திலிருந்து மறைந்துபோனதும் தெரிகிறது. அந்தச் செய்தியை மீண்டும் சேர்ப்பதே எண்ணிம நிலவுரு ஆய்வுக்கு இங்கே காத்திருக்கும் முதல் வேலை என்பது இக்கட்டுரையின் வாதம்.

முதலாம் பராந்தகன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலைத் தேர்தலுக்காகவே பேசப்படுகின்றன. அவை கூறும் வாரியங்களில் ஒன்று ஏரி வாரியம். பல்லவர் காலத்து வயிரமேகத் தடாகத்தைக் கொண்ட ஊர் அது. நீரின் போக்கை அறிவது அங்கே ஊராட்சியின் கடமையாக இருந்தது. கிழக்கிந்தியக் கம்பெனிக்குச் செங்கல்பட்டு ஜாகிர் கிடைத்தபின், தாமஸ் பார்னார்டு 1767 முதல் 1774 வரை சுமார் 2,000 ஊர்களை அளந்தார். வரி வசூல்தான் நோக்கம். ஆயினும் ஏரி, தோப்பு, குடியிருப்பு, விளைநிலம் என்று ஊர்வாரியாகக் கணக்கெடுத்ததால் நிலமும் நீரும் ஒரே பதிவில் நின்றன. 1802 ஏப்ரலில் பரங்கிமலை அருகே நில அளவையாளர் லாம்டன் முக்கோண அளவைக்கான அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியபோது நோக்கம் மாறிற்று. அந்த அளவைக்கு உயர்ந்த முனைகள் தேவை, ஏரிகள் தேவையில்லை. பிற்கால 1:50,000 நிலப்படத்தில் ஏரியும் கரையும் வரையப்பட்டன. ஆனால் அதன் 20 மீட்டர் இடைவெளிச் சமவுயரக் கோடுகள் இரண்டுக்கு நடுவில் ஒரு முழு ஏரித் தொடரே அடங்கிவிடும்.

1988இல் இந்தியத் தொலையுணர்வுச் செயற்கைக்கோளான ஐ.ஆர்.எஸ்.-1ஏ விண்ணில் ஏறியபின், பாலாற்றின் பழைய தடங்களைத் தேடும் ஆய்வு வேகம் பெற்றது. திருச்சி பாரதிதாசன் பல்கலைக்கழகத் தொலையுணர்வு மையம் அதில் குறிப்பிடத்தக்க பங்காற்றியது. ஆனால் உயரத்தை எண்ணாகவே தந்தது 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலத்திலிருந்து நடந்த ரேடார் அளவைதான். அந்த மாதத்தைக் கவனிக்க வேண்டும். வடகிழக்குப் பருவமழை முடிந்து ஏரிகளில் நீர் நிற்கும் காலம் அது. ரேடார் ஏரியின் படுகையைக் காண்பதில்லை, நீர்ப்பரப்பையே காண்கிறது. அந்த ரேடார் தரவின் திருத்திய பதிப்பிலோ 600 மீட்டருக்கு மேல் நீளமான நீர்நிலைகள் ஒரே உயரத்துக்குச் சமமாக்கப்பட்டன. தென்னேரி போன்ற பெரிய ஏரியின் கொள்ளளவை இதிலிருந்து கணக்கிட முனைபவர் நீர்ப்பரப்பைத் தரையென்று எண்ணி ஏமாறுவார். 2005இல் ஏவிய கார்ட்டோசாட்-1 செயற்கைக்கோள் இரட்டைக் கேமராக்களால் எடுத்த படங்களிலிருந்து உருவான உயர மாதிரி 30 மீட்டர் கட்டங்களாகப் புவன் இணையத் தளத்தில் கிடைக்கிறது. ஏரிக்கரையின் உச்சி சில மீட்டர் அகலமே. ஒரு கட்டத்துக்குள் கரையும் வயலும் கலந்து ஒரே எண்ணாகிவிடுகின்றன.

இதைவிடப் பெரிய சிக்கல் கணக்கு முறையில் இருக்கிறது. 1984இல் ஓ'கல்லகனும் மார்க்கும், 1988இல் ஜென்சனும் டோமிங்கும் வகுத்த வழியில், உயர மாதிரியில் நீர் வெளியேற இடமில்லாத பள்ளங்களை முதலில் நிரப்பிவிட்டே வடிகாலைக் கணக்கிடுகிறோம். பள்ளம் என்றால் தரவுப் பிழை என்பது அதன் அடிப்படை அனுமானம். மலைச்சரிவில் அது பெரும்பாலும் பொருந்தும். ஏரி நாட்டிலோ பள்ளம்தான் நிலவுரு. நிரப்பியதும் ஏரி மறைகிறது. கரை மாதிரியில் எங்கே தாழ்வாகப் பதிவாகியிருக்கிறதோ அங்கே கணினி நீரை வழியவிடுகிறது. உண்மையில் நீர் மதகு வழியாக வயலுக்கும் கலங்கல் வழியாக அடுத்த ஏரிக்கும் போகிறது. இந்த வேறுபாடு ஒரே ஏரியோடு நிற்பதில்லை. தொடரின் மேலே ஒரு வரத்துக் கால்வாய் இடம் மாறினால் கீழேயுள்ள அத்தனை ஊர்களின் நீர்ப்பிடிப்பும் தவறாகும். வெள்ள அபாயப் படமும் அதோடு தவறாகும்.

லேசர் ஒளியால் உயரம் அளக்கும் லைடார் அளவை வந்தால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்லலாம். கரை தெளிவாகும், உண்மை. ஆனால் கரைக்கு அடியில் செல்லும் மதகையும் சாலைக்கு அடியில் செல்லும் சிறுபாலத்தையும் மேலிருந்து பார்க்கும் எந்தக் கருவியும் திறந்த வழியாகக் காட்டாது. துல்லியம் கூடக் கூட அவை நீரைத் தடுக்கும் சுவராகவே தோன்றும். கால்வாய்க் கோட்டை மாதிரியில் வெட்டிப் பதிக்கும் முறை உண்டு. அதற்கும் அந்தக் கோடு எங்கிருக்கிறதென்று முதலில் தெரிய வேண்டும். பழைய ஊர்க்கணக்குகள் துல்லியமற்றவை என்பது இன்னொரு மறுப்பு. அவற்றில் உயரத்தைத் தேடினால் அது நியாயமே. நாம் தேடுவது ஏரிக்கும் ஊருக்கும் உள்ள தொடர்பை. மனிதன் கட்டியதை நிலவுரு ஆய்வில் சேர்க்கலாமா என்ற தயக்கத்துக்கும் இடமில்லை. ஆயிரம் ஆண்டுகளாக வண்டலைப் பிடித்து வைத்து, ஓடைகளைத் திருப்பிவிட்ட கரையை விட்டுவிட்டு இந்த நிலத்தின் உருவத்தை விளக்கவே முடியாது.

இந்த விவாதம் நடக்கவேண்டிய அவைகள் உண்டு. 1926இல் தொடங்கிய சென்னைப் புவியியல் கழகம் பின்னர் இந்தியப் புவியியல் கழகமாக வளர்ந்தது. பன்னாட்டுப் புவிப்புறவியல் மாநாடு 2017 நவம்பரில் புதுதில்லியில் கூடியது. நிலவுரு அளவையியலுக்கென்றே நடக்கும் மாநாடுகள் 2009இல் ஜூரிக், 2013இல் நான்ஜிங், 2018இல் போல்டர், 2023இல் யாசி என்று ஊர் ஊராகப் போயின. தட்டையான ஏரி நிலத்தை மையமாக்கும் அமர்வுக்கு அங்கே இடம் கேட்பது நம் ஆய்வாளர்களின் பொறுப்பு. 2021 பிப்ரவரியில் இந்திய அரசு வெளியிட்ட நிலத்தரவு வழிகாட்டுதல்களுக்குப் பின் இந்திய நிறுவனங்களுக்கு நிலத்தரவு திரட்ட முன்னனுமதி தேவையில்லை. பழைய தடையைக் காரணம் காட்ட இனி முடியாது. வாலாஜாபாத், உத்திரமேரூர் ஒன்றியங்களில் ஏதேனும் ஒரு ஏரித் தொடரைத் தேர்ந்து, ஒவ்வொரு மதகின் அடிமட்டத்தையும் கலங்கலின் உச்சிமட்டத்தையும் நேரில் அளந்து, மடை பார்ப்பவர்களிடம் கேட்டு வரத்துக் கால்வாய்களைக் குறித்து, அந்தத் தரவை எல்லோருக்கும் திறந்துவைக்க வேண்டும். சென்னையிலும் காஞ்சிபுரத்திலும் உள்ள புவியியல் துறைகள் ஒரு கோடைக்காலக் களப்பயிலரங்கில் இதைத் தொடங்கலாம். ஏரிகள் வற்றியிருக்கும் அந்த மாதங்களில்தான் படுகையையும் அளக்க முடியும்.