பருப்பு வேகாத தண்ணீரில் எச்சில் சோதனை

கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம், விளாத்திகுளம் என்று கிழக்கே போகப்போக, ஒரு கிணற்றைப் பற்றிக் கேட்கிற முதல் கேள்வி ஆழமோ சுரப்போ இல்லை. "பருப்பு வேகுமா?" என்பதுதான். கரிசலைத் தோண்டினால் அடியில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் கிடக்கும். அதை அரித்துக்கொண்டு போகிற அளவுக்கு இங்கே மழை கிடையாது. அதனால் மண்ணின் பி.எச். எட்டை ஒட்டியே நிற்கிறது. அதில் ஊறி வரும் தண்ணீர் கால்சியத்தையும் பைகார்பனேட்டையும் சுமந்து வருகிறது; அதில் பருப்பு லேசில் வேகாது.

இந்தத் தண்ணீர்தான் எங்கள் பள்ளி ஆய்வகத்துக்குள்ளும் வந்தது.

1978-ல் மேல்நிலைக் கல்வி தொடங்கியபோது, அதுவரை கல்லூரியில் பி.யு.சி.யாக இருந்த வகுப்பு பள்ளிக்கூடத்துக்கு இறங்கியது. பிராக்டிகலும் கூடவே இறங்கியது. ஆனால் அதற்கான அறைகள் எல்லா ஊரிலும் காத்துக்கொண்டு நிற்கவில்லை. பழைய வகுப்பறையில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டு, கதவில் சாக்பீஸால் 'லேப்' என்று எழுதிய பள்ளிகளில் நான் விலங்கியல் ஆசிரியராக இருந்திருக்கிறேன். அங்கே காய்ச்சி வடித்த நீர் என்றால் மெக்கானிக் கடையில் வாங்கும் பேட்டரித் தண்ணீர்தான். அதையும் வேதியியல்காரர்கள் முதலில் எடுத்துக்கொள்வார்கள். எங்கள் பங்கு, குடத்துத் தண்ணீர்.

உமிழ்நீர் சோதனைக்குப் பெரிய செலவு இல்லை. ஸ்டார்ச் கரைசல், கொஞ்சம் அயோடின், பையன்களின் வாய். ஸ்டார்ச்சை எச்சில் கரைக்கும் என்பதை 1831-லேயே லாய்க்ஸ் என்ற ஜெர்மானியர் சொல்லிவிட்டார். முளைகட்டிய பார்லியிலிருந்து பாயேனும் பெர்சோவும் அதே வேலையைச் செய்யும் 'டயஸ்டேஸ்' நொதியைப் பிரித்தது அதற்கு இரண்டு வருஷம் கழித்து. வாயை நன்றாகக் கொப்பளித்துவிட்டு வரவேண்டும் என்பது எங்கள் ஊரில் கண்டிப்பான விதி. இடைவேளையில் கடலை மிட்டாய் தின்ற வாயோடு வந்து, சர்க்கரையைக் காட்டும் பெனடிக்ட் சோதனை செய்தால், நொதி ஒன்றும் செய்யாமலே வெல்லம் செங்கல் நிறம் காட்டிவிடும். 2020-ல் புவிசார் குறியீடு வாங்கிய மிட்டாய்க்கு இப்படியும் ஒரு குணம்.

மூன்று குழாய்கள்: ஒன்றில் அமிலம், ஒன்று நடுநிலை, ஒன்றில் காரம். நிமிஷத்துக்கு ஒரு சொட்டு எடுத்து வெள்ளை ஓட்டில் அயோடினோடு சேர்க்க வேண்டும். நீலம் மறைந்தால் ஸ்டார்ச் தீர்ந்தது. உமிழ்நீர் அமைலேஸ் 6.8 வாக்கில் சுறுசுறுப்பாக இருக்கும், அமிலத்தில் படுத்துவிடும் என்று புத்தகம் சொல்லும். ஒரு பையன் கையைத் தூக்கினான். "சார், வினிகர் விட்ட குழாய்லதான் மொதல்ல நீலம் போச்சு."

"ஏலே, எத்தனை சொட்டு விட்ட?"

"புத்தகத்துல போட்ட மாதிரி ரெண்டு சொட்டு சார்."

அவன் சொன்னது பொய்யில்லை. அந்த ரெண்டு சொட்டு அமிலத்தையும் கிணற்றுத் தண்ணீரின் பைகார்பனேட் விழுங்கிவிட்டது. எட்டில் இருந்த தண்ணீர் ஆறரை, ஏழுக்கு இறங்கி, நொதிக்குப் பிடித்த இடத்திலேயே நின்றுவிட்டது. அதே ரெண்டு சொட்டைப் பேட்டரித் தண்ணீரில் விட்டிருந்தால் நாலுக்கும் கீழே போயிருக்கும்.

விட்ட அமிலம் வேறு, அங்கே இருக்கிற அமிலத்தன்மை வேறு. இந்த ஒரு வித்தியாசத்திலிருந்துதான் பி.எச். என்ற அளவே பிறந்தது. கோபன்ஹேகனில் கார்ல்ஸ்பெர்க் பீர் ஆலையின் ஆய்வுக்கூடத்தில் வேதியியல் பிரிவுக்கு எஸ்.பி.எல். சோரன்சன் தலைவரானது 1901-ல். கோவில்பட்டி வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தொடங்கியதும் அதே வருஷம் என்பது வெறும் தற்செயல். ஆனாலும் சொல்லாமல் விட மனசு வரவில்லை. நொதிகளைப் பற்றி அன்றைக்கு எழுதியவர்கள் இத்தனை மில்லி அமிலம் சேர்த்தோம் என்றுதான் குறித்துவைத்தார்கள். கரைசலிலுள்ள புரதமும் உப்புகளும் அதில் ஒரு பங்கைப் பிடித்துக்கொண்டால் அந்தக் கணக்குக்கு அர்த்தமில்லை. 1909-ல் சோரன்சன் இன்வர்டேஸ், கேட்டலேஸ், பெப்சின் மூன்றையும் வைத்துக்கொண்டு, கரைசலில் உண்மையாக உள்ள ஹைட்ரஜன் அயனியை அளந்து, அந்த நுணுக்கமான எண்ணை எளிதாக எழுத ஒரு வழி கண்டார். ஒரு படி இறங்கினால் அமிலத்தன்மை பத்து மடங்கு. வேதியியல் பாடத்தில் வரும் பி.எச்., நொதி ஆராய்ச்சிக்காக உண்டானது என்பதை அந்தப் பாடம் சொல்வதே இல்லை. பிள்ளைகள் அதை லிட்மஸ் தாளின் தம்பி என்று நினைத்துக்கொண்டே தேர்வு எழுதிவிடுகிறார்கள்.

பி.எச்.-ஐ நிலையாகப் பிடித்துவைக்கும் பஃபர் மாத்திரை வாங்கக் காசில்லாத வருஷங்களில் அடுப்பங்கரைதான் கைகொடுத்தது. அங்கேயும் ஏமாற்றுக்காரர்கள் உண்டு. எலுமிச்சைச் சாற்றை அமிலமாக எடுத்தால், அதிலுள்ள வைட்டமின் சி அயோடினையே நிறமிழக்கச் செய்துவிடும். தெளிந்த சுண்ணாம்பு நீரைக் காரமாக எடுத்தால் அதுவும் அயோடினைத் தின்றுவிடும். இரண்டிலும் நீலம் வராது. ஸ்டார்ச் அப்படியே இருக்கும். நொதி ஜெயித்துவிட்டதாக ரெக்கார்டு நோட்டில் ஏறிவிடும். அதனால் எச்சில் விடாத குழாய் ஒன்றைப் பக்கத்தில் வைக்காத எவனுக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்லை.

அமிலத்துக்கு நல்ல சரக்கு வீட்டிலேயே இருந்தது: புளித்த கம்மங்கூழின் மேலே நிற்கும் தெளிவு. அது நாலை ஒட்டிய புளிப்பு. தாராளமாக ஊற்றினால் கிணற்றுத் தண்ணீரின் காரத்தையும் அடக்கி, அமைலேஸைக் கட்டிப்போட்டுவிடும். கம்பும் தன் பங்குக்கு ஒரு நிறங்காட்டி. மாவின் சாம்பல் நிறம் புளித்தண்ணீர் பட்டால் வெளுக்கும், சமையல் சோடா பட்டால் மஞ்சளும் பச்சையுமாகும்.

புளிக்கவைப்பதிலும் ஒரு நொதியின் வேலை இருக்கிறது. கம்பிலுள்ள இரும்பை ஃபைட்டிக் அமிலம் பிடித்துவைத்திருக்கும். அதை உடைக்கும் ஃபைட்டேஸ் தானியத்திலேயே உண்டு. அதற்குத் தோதான பி.எச். ஐந்து வாக்கில். பச்சை மாவைக் கரைத்து வைத்தால், ராத்திரியில் அது ஆறிலிருந்து நாலுக்குப் புளித்து இறங்கும் வழியில் அந்த ஐந்தைக் கடந்துதான் போகவேண்டும். காலையில் காய்ச்சும்போது நொதி செத்துவிடும். அதற்குள் வேலை நடந்திருக்கும். எங்கள் பக்கத்துப் பழைய பக்குவம் இதுதான்: முதலில் புளிக்கவைத்து, பிறகு காய்ச்சுவது. இப்போது பஸ் ஸ்டாண்டு தள்ளுவண்டிகளில் மாவைக் காய்ச்சி இறக்கிவிட்டு மோரை ஊற்றிக் கரைத்துக் கொடுக்கிறார்கள். நாக்குக்குப் புளிப்பு கிடைக்கும். ஃபைட்டேஸ் அடுப்பிலேயே போயிருக்கும்.