நான் வகுப்பில் சொல்லாமல் விட்ட ஒரு பெயர்: கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ்

இந்தப் பதிவு கொஞ்சம் நீளம். மழை பெய்கிறது, கரண்ட் இருக்கிறது, அதனால் எழுதுகிறேன். நேரம் இருக்கும்போது படியுங்கள்.

பள்ளி விடுமுறைக்கு வந்த பேரன் போனில் 'மைதான்' என்ற இந்திப் படம் பார்த்துக்கொண்டிருந்தான். 1962-இல் ஆசியப் போட்டியில் தங்கம் வென்ற இந்தியக் கால்பந்து அணியையும் அதன் பயிற்சியாளர் ரஹீமையும் பற்றிய படம். நடுவில் தலையைத் தூக்கி, "தாத்தா, இதுல கோல்கீப்பர் பேரு தங்கராஜ்னு வருது, அவரு தமிழா?" என்றான். எனக்குத் தெரியவில்லை. அத்தனை வருஷம் சமூக அறிவியல் நடத்தினேன், பி.டி. வாத்தியார் இல்லாத பள்ளிகளில் விசிலும் நானே ஊதினேன், ஆனால் அந்தப் பெயரைக் கேட்டதே இல்லை. அதே சமயம் ரஷ்ய கோல்கீப்பர் லெவ் யாஷினை எனக்குப் பத்துப் பன்னிரண்டு வயதிலிருந்தே தெரியும்.

யாஷினை எப்படித் தெரியும் என்று என் வயதுக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. 'சோவியத் நாடு' பத்திரிகை. தாள் வழவழவென்று கனமாக இருக்கும். பாதிப் பேர் சந்தா கட்டியது படிப்பதற்கு அல்ல, நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடுவதற்கு. என் கணக்கு நோட்டின் அட்டையில் கறுப்பு பனியன் போட்ட ஓர் ஆள் படுத்தவாக்கில் அந்தரத்தில் பந்தைப் பிடித்துக்கொண்டிருந்தார். கீழே பெயர் இருந்தது. அந்த வருஷம் முழுவதும் கணக்குப் பரீட்சைக்கு முன்னால் அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பேரன் கேட்டதற்கு அப்புறம் இரண்டு வாரம் உட்கார்ந்து படித்தேன். தங்கராஜைத் தேடப் போய் யாஷினையும் சேர்த்துப் படிக்க வேண்டியதாயிற்று. இரண்டு பேர் வாழ்க்கையும் ஒன்றையொன்று அடிக்கடி உரசிக்கொண்டு போகிறது.

பீட்டர் தங்கராஜ் 1935 டிசம்பரில் அன்றைய ஹைதராபாத் சமஸ்தானத்தில் பிறந்தவர். பெயர் தமிழ், வளர்ந்த ஊர் செகந்திராபாத். ராணுவ முகாம் இருந்த ஊர் என்பதால் தமிழ்க் குடும்பங்கள் அங்கே நிறைய. அவரோடு இந்திய அணியில் ஆடிய துளசிதாஸ் பலராமும் அதே ஊர்ப் பையன்தான். உள்ளூர் கிளப்புகளில் ஆடிவிட்டு 1953-இல் தங்கராஜ் ராணுவத்தில் சேர்ந்தார். சேர்ந்தது மெட்ராஸ் ரெஜிமென்ட். அதன் மையம் வெலிங்டனில். நம் மலையிலிருந்து பழனிப் பக்கம் இறங்கி, கோவை, மேட்டுப்பாளையம் வழியாக மறுபடியும் ஏறினால், குன்னூரை ஒட்டி இருக்கிற அதே வெலிங்டன்தான். நமக்கு அண்டை மலை.

அங்கே அவரை முதலில் ஆடவைத்தது சென்டர் ஃபார்வர்ட் இடத்தில், அதாவது கோல் போடுகிற இடத்தில். பிறகுதான் கோலில் நிறுத்தினார்கள். ஆறடிக்கு மேல் உயரம், நீளக் கை. நம் பள்ளிகளில் யாரைக் கோலில் நிறுத்துவோம் என்று உங்களுக்கே தெரியும். ஓட முடியாதவன், குண்டாக இருப்பவன், புதிதாகச் சேர்ந்தவன். ராணுவத்தில் அப்படிச் செய்யவில்லை, ஆளின் உடம்பைப் பார்த்து இடம் கொடுத்திருக்கிறார்கள். 1955-இல் மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் அணி டூரண்ட் கோப்பையை வென்றது. 1888-இல் சிம்லாவில் வெள்ளைக்காரப் பட்டாளங்களுக்காகத் தொடங்கிய கோப்பை அது, உலகத்திலேயே மிகப் பழைய கால்பந்துக் கோப்பைகளில் ஒன்று. இறுதி ஆட்டத்தில் விமானப்படையை 3-2 என்று ஜெயித்தார்கள். 1958-இல் கூர்க்கா பிரிகேடை 2-0 என்று ஜெயித்து மறுபடியும் அதே கோப்பை. நீலகிரிக் குளிரில் பயிற்சி எடுத்த ஓர் அணி டெல்லி வரை போய் இரண்டு தடவை வாங்கி வந்திருக்கிறது. இது எந்தப் பாடப் புத்தகத்திலாவது இருந்ததா? நான் நடத்திய எதிலும் இல்லை.

1956-இல் மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ். தங்கராஜ் இந்திய அணியில் இருந்தார், வயது இருபது. எஸ்.எஸ். நாராயண் இன்னொரு கோல்கீப்பர். அந்த ஒலிம்பிக்ஸில்தான் நெவில் டிசூசா ஆஸ்திரேலியாவுக்கு எதிராக மூன்று கோல் போட்டார், இந்தியா 4-2 என்று வென்று அரையிறுதிக்குப் போனது. அங்கே யூகோஸ்லாவியாவிடம் 1-4, பிறகு பல்கேரியாவிடம் 0-3. நான்காவது இடம். கால்பந்தில் இந்தியா ஒலிம்பிக்ஸில் அதைத் தாண்டிப் போனதே இல்லை. நம்மைத் தோற்கடித்த யூகோஸ்லாவியாவை இறுதியில் 1-0 என்று வென்று தங்கம் வாங்கியது சோவியத் அணி, கோலில் யாஷின். ஆக, என் நோட்டு அட்டையில் இருந்தவரும் இருக்க வேண்டியவரும் அந்த நவம்பர், டிசம்பரில் ஒரே ஊரில் இருந்திருக்கிறார்கள்.

(இடையில் ஒரு செய்தி. அந்த சோவியத் அணியைக் காலிறுதியில் இந்தோனேசியா 0-0 என்று நிறுத்தி வைத்தது. மறு ஆட்டத்தில் 0-4 என்று தோற்றார்கள், அது வேறு. அன்றைய இந்தோனேசியக் கோல்கீப்பர் மௌல்வி சைலான், பிற்பாடு சுகர்ணோவின் மெய்க்காவல் படையில் அதிகாரியானார். காவல் காக்கிற புத்தி போகாது போல.)

யாஷின் கதையில் எனக்குத் தெரியாமல் இருந்தது அவர் எத்தனை முறை அவமானப்பட்டார் என்பது. பத்திரிகையில் அதைப் போடவில்லை, போடவும் மாட்டார்கள். 1929-இல் மாஸ்கோவில் பிறந்தவர், உலகப் போர்க் காலத்தில் சிறுவனாகவே தொழிற்சாலை வேலைக்குப் போனவர். 1950-இல் டைனமோ மாஸ்கோ அணிக்காக ஸ்டாலின்கிராட் அணியோடு ஒரு நட்பு ஆட்டம். எதிர்க் கோல்கீப்பர் நீளமாக உதைத்த பந்து காற்றில் வந்தது. அதைப் பிடிக்க ஓடிய யாஷின் சொந்த அணிக்காரர் மேலேயே மோதி விழ, பந்து உருண்டு கோலுக்குள் போய்விட்டது. அந்தக் கோடையில் ஸ்பார்டக் அணியோடு நடந்த லீக் ஆட்டத்திலும் ஏறக்குறைய அதே கதை, மறுபடியும் சொந்த ஆளோடு மோதல், கோல். ரிசர்வ் அணிக்கு அனுப்பிவிட்டார்கள். 1953 வரை அவருக்கு முதல் அணியில் நிலையான இடம் இல்லை. அந்த இடைவெளியில் ஐஸ் ஹாக்கியில் கோல்கீப்பராக நின்று, 1953-இல் சோவியத் கோப்பையும் வாங்கினார். அதன் பிறகுதான் கால்பந்தில் அவர் காலம். ஐந்து லீக் பட்டம், மூன்று சோவியத் கோப்பை, 1960-இல் ஐரோப்பியக் கோப்பை.

அவர் செய்த பெரிய மாற்றம் என்னவென்றால், கோட்டிலேயே நிற்காமல் முன்னால் ஏறி வந்தது. பின்கள ஆட்களைச் சத்தம் போட்டு நகர்த்துவார், பிடிக்க முடியாத பந்தை முஷ்டியால் குத்தித் தள்ளுவார், பிடித்த பந்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்காமல் உடனே எறிந்து தன் பக்கத் தாக்குதலைத் தொடங்கி வைப்பார். இன்றைக்கு எல்லாக் கோல்கீப்பரும் செய்கிறார்கள். அன்றைக்கு அது புதிது.

இப்போது 1962-க்கு வருகிறேன். அந்த ஒரு வருஷத்துக்காகத்தான் இத்தனையும் எழுதினேன்.

ஜூன் மாதம் சிலியில் உலகக் கோப்பை. கொலம்பியாவுக்கு எதிராக சோவியத் 4-1 என்று முன்னால் இருந்து 4-4 என்று முடிந்தது. அதில் ஒரு கோல் கார்னரிலிருந்து நேராக உள்ளே போனது, அடித்தவர் மார்கோஸ் கோல் (பெயரே அதுதான்!). ஆண்கள் உலகக் கோப்பையில் இன்று வரை அப்படி விழுந்த கோல் அது ஒன்றுதான். காலிறுதியில் சிலியிடம் 1-2. வெளியே. ஊரில் ஆட்டத்தைப் பார்க்க வழியில்லை, பத்திரிகையில் எழுதியதுதான் சாட்சி. எழுதியவர்கள் யாஷின் தலையில் போட்டார்கள். திரும்பி வந்தவர் வீட்டு ஜன்னல் மேல் கல் எறிந்தார்கள். வயது முப்பத்திரண்டு. ஆட்டத்தையே விட்டுவிடலாம் என்று இருந்தார்.

ஆகஸ்ட், செப்டம்பரில் ஜகார்த்தா. ஆசியப் போட்டிக்காகக் கட்டிய செனாயன் ஸ்டேடியம், சோவியத் கடனில் கட்டியது. முதல் ஆட்டத்தில் தென்கொரியாவிடம் இந்தியா 0-2. பிறகு தாய்லாந்தை 4-1, ஜப்பானை 2-0, அரையிறுதியில் தென்வியட்நாமை 3-2. தங்கராஜ் காய்ச்சலில் விழுந்ததால் இடையில் பிரத்யுத் பர்மன் என்ற வங்காளிப் பையன் கோல் காத்தான். நன்றாகவே காத்தான்.

செப்டம்பர் 4, இறுதி ஆட்டம், மறுபடியும் கொரியா. ரஹீம் ஒரு கடினமான முடிவு எடுத்தார். ஜெயித்துக்கொண்டு வந்த பர்மனை உட்கார வைத்துவிட்டு, காய்ச்சலிலிருந்து எழுந்த தங்கராஜை நிறுத்தினார். கொரியர்கள் தூக்கி அடிக்கிற பந்துக்கு அந்த உயரம் வேண்டும் என்பது கணக்கு. தலையில் தையல் போட்டிருந்த ஜர்னெய்ல் சிங்கைப் பின்களத்திலிருந்து முன்னால் அனுப்பினார். கூட்டம் லட்சம் பேர் இருக்கும் என்கிறார்கள், அத்தனை பேரும் இந்தியாவுக்கு எதிராக. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா விசா கொடுக்காததை நம் அதிகாரி சோந்தி கண்டித்துப் பேசியிருந்தார். அந்தக் கோபம் இந்தியத் தூதரகத்தை அடித்து நொறுக்குகிற அளவுக்குப் போய், பிறகு மைதானத்துக்கும் வந்துவிட்டது. அந்தக் கூச்சலில் நம் பையன்களுக்காகக் கைதட்டியது பாகிஸ்தான் ஹாக்கி அணி என்று படித்தபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது.

பி.கே. பானர்ஜி 17-வது நிமிடத்தில் ஒன்று, ஜர்னெய்ல் 20-வது நிமிடத்தில் ஒன்று. அதன் பிறகு எழுபது நிமிடம் மிச்சம். படத்தில் அதைச் சீக்கிரம் ஓட்டிவிடலாம், கோலில் நின்றவனுக்கு ஓடுமா? கொரியா ஒரு கோலைத் திருப்பியது 85-வது நிமிடத்தில்தான். 2-1. தங்கம். பானர்ஜி, சுனி கோஸ்வாமி, பலராம், அருண் கோஷ் என்று ஒரு வரிசை. அந்தத் தங்கக் குழுவில் எத்திராஜ், அருமைநாயகம் என்றும் பெயர்கள் இருப்பதைப் பார்த்தபோது எனக்கு நெஞ்சு கொஞ்சம் விரிந்தது, ஒப்புக்கொள்கிறேன். அதற்குப் பிறகு ஆசியப் போட்டிக் கால்பந்தில் இந்தியா தங்கம் வாங்கவில்லை. ரஹீம் அடுத்த ஜூனில் புற்றுநோயில் இறந்தார்.

யாஷினும் விட்டுவிடவில்லை. திரும்பி வந்து, 1963-இல் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்து விருதை வாங்கினார். இன்று வரை வேறு எந்தக் கோல்கீப்பரும் அதை வாங்கியதில்லை.

மிச்சத்தைச் சுருக்கிவிடுகிறேன். தங்கராஜ் 1958-இலேயே ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்று தேர்வானவர். 1960 ரோம் ஒலிம்பிக்ஸில் பிரான்ஸை இந்தியா 1-1 என்று நிறுத்தியபோது கோலில் இருந்தவர். அதே வருஷம் சர்வீசஸ் அணி முதன்முதலாக சந்தோஷ் டிராபி வாங்கியபோது அவர்தான் கேப்டன். பிறகு கல்கத்தா. முகமதன் ஸ்போர்ட்டிங், மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால் என்று மூன்று பெரிய கிளப்புகளிலும் ஆடினார். 1967-இல் அர்ஜுனா விருது. யாஷினுக்கு 1971 மே மாதம் மாஸ்கோவில் லட்சம் பேர் கூடி வழியனுப்பு ஆட்டம் நடத்தினார்கள். பிற்பாடு ஒரு காலை எடுக்க வேண்டியதாகி, 1990 மார்ச்சில் இறந்தார். தங்கராஜ் 2008 நவம்பரில் பொகாரோவில் காலமானார். பொகாரோ உருக்காலை சோவியத் உதவியில் எழுந்தது என்று எட்டாம் வகுப்புக்கு எத்தனை முறை கரும்பலகையில் எழுதிப்போட்டிருப்பேன்! அந்த ஊரில் யார் இருக்கிறார் என்று தெரியாமலே எழுதியிருக்கிறேன்.

இனி என் கதை. உங்களில் சிலருக்கு நினைவிருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில், மலைப் பள்ளிகளுக்குள் நடந்த ஒரு போட்டி. நம் மைதானம் எப்படி என்று உங்களுக்குத் தெரியும், ஒரு பக்கக் கோலுக்குப் பின்னால் நேராகச் சரிவு, பந்து போனால் பேரிக்காய்த் தோட்டத்தில்தான் நிற்கும். இறங்கி எடுத்து வருவது எப்போதும் கோல்கீப்பர் வேலை. நான் நிறுத்தியிருந்த பையன் ஓடமாட்டான் என்பதால்தான் நிறுத்தினேன், வேறு காரணம் இல்லை. அன்றைக்கு அவன் நான்கு கோலாவது தடுத்திருப்பான். மூன்றரை மணிக்கு மேகம் இறங்கி, எதிர்ப் போஸ்ட் தெரியவில்லை. கடைசியில் வந்த பந்து அவன் கை நடுவில் புகுந்து போய்விட்டது. தோற்றோம். எல்லார் முன்னாலும், "உன்னைப் போய் நிக்க வச்சேன் பாரு" என்று கத்தினேன். திரும்பி வரும்போது வேனில் அவனோடு பேசவில்லை. மறுநாளிலிருந்து அவன் மைதானத்துக்கு வரவில்லை, நானும் கூப்பிடவில்லை. தடுத்த நாலைந்தைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னேனா? இல்லை.

யாஷின் வீட்டு ஜன்னலைப் பற்றிப் படித்த அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. நம் பழைய மாணவர் ஒருவரிடம் நம்பர் வாங்கி, போன வெள்ளிக்கிழமை அவனைக் கூப்பிட்டேன். இப்போது ஜீப் ஓட்டுகிறான். "சார், நீங்களா, நல்லா இருக்கீங்களா, அம்மா நல்லா இருக்காங்களா" என்று எல்லாம் விசாரித்தான். அந்த மேட்ச் ஞாபகம் இருக்கிறதா என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை. பின்னால் ஏதோ வண்டி ஹாரன் அடித்தது.

"பந்து நனஞ்சு போயி இருந்துச்சு சார்" என்றான்.

"தெரியும்டா" என்றேன்.