கடலூர் மிஷன் பள்ளி

தரங்கம்பாடி மிஷனின் சீகன்பால்கும் கிருண்ட்லரும், சென்னை ஆளுநர் ஜோசப் காலெட்டின் இசைவோடு, 1717இல் கடலூரில் தொடங்கிய கிறித்தவத் தருமப் பள்ளி. இதன் வேர் வீட்டுக் கல்வியில்தான் இருக்கிறது. 1706இல் தரங்கம்பாடியில் கப்பலிறங்கிய சீகன்பால்கு, ஒரு தமிழ் வாத்தியாரை மாணவர்களோடு தம் வீட்டுக்கே வரவழைத்தார். பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் உட்கார்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். வந்த ஊரின் பாடமுறையை அவர் மதித்து ஏற்றது பெரிய செயல். திண்ணைப் பள்ளியின் அந்த மணலெழுத்தை மிஷன் பள்ளிகளும் கைக்கொண்டன. 1737இல் மிஷனரிகளான சார்டோரியசும் கைஸ்டரும் கடலூரில் தனி மிஷன் அமைத்தனர். 1740இல் மிஷனரி கீர்நாந்தர் அங்கு வந்து சேர்ந்தார். 1758இல் லாலியின் பிரெஞ்சுப் படை ஊரைப் பிடித்ததும், கீர்நாந்தர் கல்கத்தா சென்று அங்கும் பள்ளி திறந்தார்.