பெங்காலான் கெம்பாஸ் கற்கள்: தோட்டப்புறத்து வரலாற்றில் ஒரு நடை



பழங்காலக் கல் என்றவுடன் நம் மாணவர் நினைவில் எழுவன பெரும்பாலும் தொலைவிடங்களே. யோர்தான் நாட்டுப் பாலையில், செம்பாறை இடுக்கின் வழியே நெடுந்தூரம் நடந்து, நபத்தேயர் குடைந்த பெத்ரா நகரைக் காண்பதை ஆவலோடு பேசுகின்றனர். 1812-இல் பர்க்கார்ட் என்னும் சுவிட்சர்லாந்துப் பயணி அந்நகரை ஐரோப்பியர்க்கு அறிவித்த கதையையும் அறிவர். மாமல்லபுரத்துக் குடைவரைகளையும் அறிவர். ஆனால் லிங்கி, போர்ட்டிக்சன் வட்டாரத் தோட்டங்களில் பிறந்து வளர்ந்தோர் பலர், தம் லயத்திற்கு அணித்தே ஐந்நூறு ஆண்டுப் பழமையுடைய எழுத்துக் கல் ஒன்று நிற்பதை அறியாமலேயே வளர்ந்து விட்டனர். இன்றைய உரை அக்கல்லைப் பற்றியது. அதன் வழியே நம்மைப் பற்றியது.

சிரம்பானிலிருந்து தெற்கே, பால்மரமும் செம்பனையும் மாறிமாறி நிழல் தரும் சாலையில் சென்றால், லிங்கி ஆற்றை ஒட்டிப் பெங்காலான் கெம்பாஸ் என்னும் சிற்றூர் வரும். 'பெங்காலான்' என்பது மலாய் மொழியில் படகுத்துறையைக் குறிக்கும். கெம்பாஸ் ஒரு மரத்தின் பெயர். இன்று அமைதியாகக் கிடக்கும் இத்துறை ஒரு காலத்தில் வணிக வழி. உள்நாட்டுச் சுங்கை ஊஜோங்கின் ஈயம் லிங்கி ஆற்றின் வழியாகவே கடலை அடைந்தது. ஆற்றில் யார் சுங்கம் தண்டுவது என்னும் பூசல் 19-ஆம் நூற்றாண்டில் பலமுறை எழுந்தது. 1874-இல் ஆங்கிலேயர் சுங்கை ஊஜோங்கில் தலையிட்டதன் பின்னணியில் இந்த ஈயமும் இந்த ஆறும் இருந்தன.

துறைக்கு அருகே ஒரு கல்லறை. அதில் அடக்கமானவர் ஷேக் அகமது மஜ்னுன் என்பர். அவரைத் துறவி என்பாரும் உண்டு. மலாக்கா அரசை எதிர்த்து நின்றவர் என்பாரும் உண்டு. கல்லறையின் அருகே ஓங்கி நிற்கும் மூன்று கற்களை மக்கள் வாள், அகப்பை, சுக்கான் என அழைக்கின்றனர். அப்பெரியாரின் வாளும் அகப்பையும் கப்பற் சுக்கானுமே கல்லாயின என்பது வழிவழிக் கதை. வாட்கல்லில் 'அல்லாஹ்' என்னும் சொல் அரபு எழுத்தில் புடைப்பாகச் செதுக்கப்பட்டுள்ளது. கல்வெட்டுத் தூணில் வட்டமான துளை ஒன்றும் உண்டு. பொய்யன் கைவிட்டால் துளை இறுகிக் கையைப் பற்றிக்கொள்ளும் என்பது ஊரார் நம்பிக்கை. அங்கு அழைத்துச் சென்ற மாணவருள் துணிந்து கைவிட்டவர் சிலரே. விட்டவரும் விரைந்து எடுத்துக்கொண்டனர்.

அத்தூணில் மொழி ஒன்று, எழுத்து இரண்டு. மலாய் மொழியை ஒரு பகுதியில் அரபு வழிவந்த ஜாவி எழுத்திலும், மற்றொரு பகுதியில் காவி மரபு எழுத்திலும் பொறித்துள்ளனர். ஜாவிப் பகுதி ஹிஜ்ரி 872 எனக் குறிக்கிறது, அது கி.பி. 1467-ஐ ஒட்டியது. காவிப் பகுதி சக ஆண்டு 1385 என்கிறது, அது கி.பி. 1463-ஐ ஒட்டியது. மலாக்காவில் சுல்தான் மன்சூர் ஷா ஆண்ட காலம் அது. பேராக் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த ஈவன்ஸ் இவ்விடத்தில் அகழ்ந்து, 1921-இல் கட்டுரை வெளியிட்டார். காவிப் பகுதியை டச்சு அறிஞர் தெ காஸ்பாரிஸ் ஆராய்ந்து 1980-இல் எழுதினார். ஒரே தூணில் இரு ஆண்டுகள் ஏன் வேறுபடுகின்றன என்னும் வினா வகுப்பறைக்கு நல்லதொரு பாடம். கல்வெட்டும் ஆராய்ந்து ஏற்கவேண்டிய சான்றே என்பதை மாணவர் இதனால் உணர்வர்.

இங்கே நாம் ஓர் எச்சரிக்கையைக் கைக்கொள்ள வேண்டும். நிமிர்ந்து நிற்கும் கல்லைக் கண்டதும், 'இது நம் நடுகல். நம் முன்னோர் நட்டது' என்று உரிமை கொண்டாட உள்ளம் விழைகிறது. தமிழகத்தில் நெடுங்கல்லும் கற்பதுக்கையும் மிகுதி. நடுகல் நடும் முறையைத் தொல்காப்பியம் படிப்படியாக வகுத்துரைக்கிறது. தேனி மாவட்டத்துப் புலிமான்கோம்பையில் தமிழ்ப் பிராமி எழுத்துடைய நடுகற்கள் 2006-இல் வெளிப்பட்டன. எனினும் ஒப்புமை வேறு, உறவு வேறு. நெகிரி செம்பிலானில் ரெம்பாவ், தம்பின், கோலப்பிலா ஆகிய வட்டாரங்களிலும், அடுத்துள்ள மலாக்காவின் அலோர் காஜாவிலும் இத்தகைய கற்கள் காணப்படுகின்றன. மலாய் மக்கள் இவற்றை 'பத்து ஹிடுப்', அதாவது உயிர்க்கல் என்பர். இவை வளர்கின்றன என்றும் நம்புவர். இம்மாநில மக்களின் மூதாதையர் பலர் சுமத்ராவின் மினாங்கபாவ் நிலத்திலிருந்து வந்தவர்கள். அந்நிலத்தின் மாஹாட் பள்ளத்தாக்கிலும் இவ்வாறே நெடுங்கற்கள் அணியணியாக நிற்கின்றன. எனவே இக்கற்களின் உறவைக் கடலுக்கு அப்பால் மேற்கே சுமத்ராவில் தேடுவதே முறை.

அவ்வாறாயின் தமிழர்க்கு இங்கே ஒன்றுமில்லையோ? உண்டு, அது நுட்பமானது. காவி எழுத்து, தென்னிந்தியப் பல்லவர் காலத்து எழுத்திலிருந்து கிளைத்து வளர்ந்தது. சக ஆண்டுக் கணக்கும் இந்தியாவிலிருந்து வந்ததே. மலாக்காவில் இசுலாம் ஓங்கி நின்ற காலத்திலும், ஓர் இசுலாமியப் பெரியாரின் கல்லறையில் அப்பழைய எழுத்தும் ஆண்டுக் கணக்கும் ஜாவியோடு அருகருகே நின்றன. இந்தச் சிறு உண்மை, பெரிய பொய்யுரிமையைவிட நமக்குப் பெருமை தருவது. தமிழரே பொறித்த கல் வேண்டுமெனில், சுமத்ராவின் பாருஸ் அருகே லோபு துவாவில் கிடைத்த 1088-ஆம் ஆண்டுக் கல்வெட்டு உண்டு. ஐந்நூற்றுவர் வணிகக் குழு அதில் தமிழில் பேசுகிறது. சான்றுள்ள இடத்தில் உறுதியாகப் பேசவும், சான்றில்லாத இடத்தில் வாளாவிருக்கவும் பழகுவதே வரலாற்றுக் கல்வி.

இனி நம் தோட்டங்களுக்கு வருவோம். சிரம்பானையும் போர்ட்டிக்சனையும் இணைத்த இருப்புப் பாதை 1891-இல் திறக்கப்பட்டது. முதலில் காப்பியும் பின்னர் ரப்பரும் இந்நிலத்தை நிறைத்தன. கங்காணிகளின் வழியே வந்த தமிழர் காட்டை அழித்துக் கன்று நட்டனர். விடியுமுன் பிரட்டுக்கு நின்று, பால்மரம் சீவி வாழ்ந்தனர். 1938-இல் இந்திய அரசு தொழிலாளர் அனுப்புவதை நிறுத்தும் வரை இவ்வரவு ஏறியும் இறங்கியும் தொடர்ந்தது. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளி வேண்டும் என 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது; ஆயாக் கொட்டகையின் ஓரத்திலும் ஆலய மண்டபத்திலும் தமிழ்ப்பள்ளிகள் தோன்றின.

ஆனால் அம்மக்கள் விட்டுச் சென்ற கல் எங்கே? மரத்தடியில் மஞ்சள் பூசிய முனியாண்டிக் கல், ஆலயத்தின் அடிக்கல், இடுகாட்டில் சிமெண்டில் விரலால் எழுதிய பெயர் ஆகியவையே நம் கல்வெட்டுகள். தோட்டங்கள் துண்டாடப்பட்டும் விற்கப்பட்டும் வீட்டுமனைகளாக மாறும்போது இவை முதலில் மறைகின்றன. ஷேக்கின் கல்லறையை அரசு வேலியிட்டுக் காக்கிறது; முனியாண்டிக் கல்லுக்கு வேலியாக நம் நினைவு மட்டுமே உண்டு. ஈவன்ஸ் அளந்து எழுதியதைப்போல நம் இடுகாடுகளை அளந்து எழுதியவர் எத்தனை பேர்?

ஆசிரியப் பெருமக்களே, உங்கள் மாணவரைப் பெங்காலான் கெம்பாஸுக்கு அழைத்துச் செல்லுங்கள். இரு எழுத்துகளையும் காட்டுங்கள், துளையில் கைவிடச் சொல்லுங்கள், சிரிக்கட்டும். திரும்பும் வழியில் ஒரு பழைய தோட்டத்தில் இறங்குங்கள். ஆலய அடிக்கல்லில் உள்ள ஆண்டையும், இடுகாட்டில் படிக்கக்கூடிய பெயர்களையும், பள்ளியின் பழைய வருகைப் பதிவேட்டையும் அவர்கள் ஏட்டில் படி எடுக்கட்டும். அங்குள்ள முதியவரிடம் எந்த ஊரிலிருந்து, யாரோடு, எந்த ஆண்டில் அவர் குடும்பம் வந்தது என்று கேட்கட்டும். கேட்டதைத் தேதியிட்டு எழுதட்டும். மறதி நம்மைக் கேட்டுக்கொண்டு வருவதில்லை. அடுத்த மனைத்திட்டத்தின் பொறி வருமுன் அவ்வேடு நிறைந்திருக்க வேண்டும்.